ஸ்டெப்னி இல்லாத காரும் நமது பிரயாணமும்

சென்ற மாதம் நமது மண்டிக்குச் சரக்கெடுக்க வந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர், "புதுக் கார் வாங்கியிருக்கிறேன் அண்ணாச்சி" என்று ஒரு பெட்டி இனிப்பைக் கையில் கொடுத்தார். மின்சாரக் கார். இருபது வருடமாக முதலில் மொபெட்டிலும், பிறகு லோடு ஆட்டோவிலும் வந்து சரக்கெடுத்துப் போனவர். நமக்கும் மகிழ்ச்சிதான். வாசலுக்குப் போய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஸ்டெப்னி எங்கே?" என்று கேட்டோம். "டிக்கிக்கு அடியில் இருக்கும்" என்றார். விரிப்பைத் தூக்கினால் சக்கரம் இல்லை. காற்றடிக்கும் சிறிய மோட்டார் ஒன்றும், அரை லிட்டர் எண்ணெய்ப் பாட்டில் போல ஒன்றும் இருந்தன. அவ்வளவுதான். மனிதர் முகம் மாறிவிட்டது. ஷோரூமில் ஏமாற்றிவிட்டார்களோ என்று செல்போனை எடுத்துவிட்டார்.

யாரும் அவரை ஏமாற்றவில்லை. வண்டியோடு ஸ்டெப்னி கொடுத்தே ஆகவேண்டும் என்று முன்பு இருந்த விதியை மத்திய அரசு 2020ஆம் ஆண்டு ஜூலையில் தளர்த்தியது. மூன்றரை டன் வரையுள்ள வண்டியில் டியூப்லெஸ் டயரும், டயரில் காற்று குறைந்தால் டிரைவருக்குத் தெரிவிக்கும் கருவியும், பஞ்சர் சரிசெய்யும் சாதனமும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்று ஆகிவிட்டது. அந்த வருடம் அக்டோபர் முதல் இது நடைமுறைக்கு வந்தது. கார்க் கம்பெனிகளுக்கு இதனால் எடையும் மிச்சம், செலவும் மிச்சம். பாட்டரிக்கும் இடம் கிடைத்தது.

துவரம்பருப்பு மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்க்காமல் நம்மில் யாரும் வாங்குவதில்லை. பத்து லட்ச ரூபாய்க் காரை வாங்கும்போது மட்டும் நிறத்தையும் பாட்டுப் பெட்டியையும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். அவரைக் குறை சொல்ல நமக்கு அருகதை இல்லை. நாமும் அப்படி வாங்கியவர்கள்தான். அதனால் பட்டதைச் சங்க உறுப்பினர்களுக்குச் சொன்னால் நாலு பேருக்குப் பயன்படும் என்றே இதை எழுதுகிறோம். எந்த டயர்க் கம்பெனிக்கும் நாம் ஏஜெண்டு அல்ல.

ஸ்டெப்னி என்ற பெயரைப் பற்றி ஒரு செய்தி. மோட்டார் கார் வந்த புதிதில் மாற்றுச் சக்கரம் என்பதே கிடையாது. பஞ்சரானால் நடுவழியில் டயரைக் கழற்றி ஒட்டித்தான் மாட்ட வேண்டும். 1904ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில் தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் காரில் வைத்துக்கொள்ளும் மாற்றுச் சக்கரத்தைக் கண்டுபிடித்தார். அவருடைய தொழிற்கூடம் இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. அந்தத் தெருவின் பெயரையே நாம் இன்றைக்கும் அருப்புக்கோட்டையிலும் சாத்தூரிலும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆகமொத்தம் மோட்டார் கார் 120 வருடம் சுற்றிவிட்டு, ஸ்டெப்னி இல்லாத நிலைக்கே திரும்பி வந்திருக்கிறது.

நமக்கு ஸ்டெப்னியின் அருமை தெரியும். எங்கள் ஐயா காலத்து அம்பாசடரில் மதுரைக்குப் போய்வருவதற்குள் இரண்டு தடவை டயர் மாற்றிய நாள் உண்டு. அந்த நாளில் டிரைவர் வேலைக்கு ஆள் எடுத்தால் முதல் கேள்வியே "ஜாக்கி போடத் தெரியுமா?" என்பதுதான்.

ரன் பிளாட் டயர் வந்த கதை

2023ஆம் ஆண்டில் நம் மகன் ஒரு ஜெர்மன் காரைப் பழையதாக வாங்கினான். நல்ல வண்டி, விலையும் சகாயம். அதிலும் ஸ்டெப்னி இல்லை. கேட்டதற்கு, "இதில் இருப்பது ரன் பிளாட் டயர் அப்பா, பஞ்சரானாலும் ஓடும்" என்றான். நாம் நம்பவில்லை. பஞ்சரான டயர் எப்படி ஓடும்?

டயர்க் கடைக்காரர் ஒருவர்தான் அதை நமக்குப் புரியவைத்தார். சாதாரண டயரில் வண்டியின் பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. காற்று போய்விட்டால் டயரின் பக்கச்சுவர் மடிந்து, ரிம்முக்கும் ரோட்டுக்கும் இடையில் நசுங்கும். அப்படியே ஓட்டினால் ஓரிரு கிலோமீட்டருக்குள் டயர் நாராகிவிடும். ரன் பிளாட் டயரில் அந்தப் பக்கச்சுவரைத் தடித்த ரப்பரால் கெட்டியாகச் செய்திருக்கிறார்கள். காற்று முழுவதும் போனாலும் அந்தச் சுவரே பாரத்தைத் தாங்கும். பொதுவாக 80 கிலோமீட்டர் தூரம், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் போகலாம் என்பது கணக்கு. வண்டியில் ஆளும் சுமையும் கூடினால் தூரம் குறையும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பக்கச்சுவர் மடியாததால் டயரைப் பார்த்து, காற்று போயிருப்பதைக் கண்டுபிடிக்க முடியாது. ஓட்டுபவருக்கும் சட்டென்று தெரியாது. எனவே காற்றுக் குறைவைக் காட்டும் விளக்கு இல்லாத வண்டியில் ரன் பிளாட் டயர் போடக்கூடாது. அந்த விளக்கிலும் இரண்டு வகை. ஒன்று, சக்கரத்துக்குள்ளேயே கருவி இருந்து காற்றை அளந்து சொல்வது. மற்றொன்று, சக்கரங்கள் சுற்றும் வேகத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்தச் சக்கரம் வித்தியாசமாகச் சுற்றுகிறது என்று ஊகித்துச் சொல்வது. இந்த இரண்டாவது வகைக்கு, காற்றடித்த ஒவ்வொரு முறையும் "இதுதான் சரியான அளவு" என்று பொத்தானை அமுக்கிச் சொல்லித்தர வேண்டும். நாலு டயரிலும் ஒரே மாதிரி காற்று குறைந்து வந்தால் அதற்குத் தெரியாமல் போவதும் உண்டு. தராசின் இரண்டு தட்டிலும் ஒரே அளவு குறைந்தால் முள் நடுவிலேயே நிற்பது போலத்தான்.

ரன் பிளாட்டின் நன்மையை 2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் நேரில் பார்த்தோம். திருநெல்வேலியில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பி வருகிறோம். இரவு பத்து மணி. கோவில்பட்டி தாண்டியதும் விளக்கு எரிந்தது. இறங்கிப் பார்த்தால் பின் டயரில் ஓர் ஆணி. மகன் நிதானமாக அறுபதில் ஓட்டினான். சாத்தூர் கடந்து, விருதுநகர் வந்து, வீட்டு வாசலில் வண்டி நின்றது. ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். வீட்டு அம்மாள் பின் சீட்டில் தூங்கிக்கொண்டே வந்தார்கள். நடந்தது அவர்களுக்கு மறுநாள் காலையில்தான் தெரியும். அன்றைக்கு ரன் பிளாட்டைப் புகழாத நேரமில்லை.

மறுநாள் கடைக்குக் கொண்டுபோனபோதுதான் விஷயம் தெரிந்தது. "காற்றில்லாமல் இவ்வளவு தூரம் ஓட்டிய டயரை ஒட்டித்தர மாட்டேன்" என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அவர் சொன்னது நியாயம். உள்பக்கச் சுவர் சூட்டில் வெந்து போயிருந்தாலும் வெளியே தெரியாது. ஒட்டிக் கொடுத்து, நாளைக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வெடித்தால் யார் பொறுப்பு? சரி, புதிது போடலாம் என்றால் அந்த அளவில் ரன் பிளாட் டயர் விருதுநகரில் எங்குமே இல்லை. மதுரையில் விசாரித்தோம். சென்னையிலிருந்து வரவேண்டும், நாலு நாள் ஆகும், ஒரு டயர் 24,000 ரூபாய் என்றார்கள். அதே அளவில் சாதாரண டயர் 14,500 ரூபாய். அதுவும் கடையில் அடுக்கி வைத்திருந்தது.

நாலு நாள் வண்டி ஷெட்டில் நின்றது. இந்த இடத்தில் நாம் வியாபாரியாகவே யோசித்தோம். ரன் பிளாட் டயர் நம்மை நடுரோட்டில் விடாமல் கடை வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆனால் கடையில் சரக்கு இருந்தால்தானே அந்த உபகாரத்துக்கு அர்த்தம்? எண்பது கிலோமீட்டருக்குள் அந்த டயரை இருப்பு வைத்திருக்கும் கடை இருக்கிற நாட்டில் இது பூரணமான ஏற்பாடு. நம் பக்கத்தில் அது பாதி ஏற்பாடுதான்.

வேறொன்றும் இருந்தது. அந்தக் கெட்டியான பக்கச்சுவர் மெத்தென்று மடியாது. பள்ளத்தில் இறங்கினால் அடி நேராக ரிம்முக்கும் நமது இடுப்புக்கும் வந்து சேரும். ஒன்றரை வருடத்தில் இரண்டு ரிம் வளைந்து, நிமிர்த்த வேண்டியதாயிற்று. அறுபது வயதைத் தாண்டியவர்கள் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

பாட்டிலை நம்பிய இரவு

மீதி மூன்று டயரும் தேய்ந்திருந்தன. 2024 ஐப்பசியில் நாலையும் கழற்றிவிட்டுச் சாதாரண டியூப்லெஸ் டயர் போட்டோம். காற்றடிக்கும் மோட்டார் ஒன்றையும் பஞ்சர் திரவப் பாட்டில் ஒன்றையும் வாங்கி டிக்கியில் வைத்தோம். ரன் பிளாட் வாங்கியிருந்தால் ஆகும் செலவில் கிட்டத்தட்ட 38,000 ரூபாய் மிச்சம். வண்டியும் முன்னைவிட மெத்தென்று ஓடிற்று. நல்ல வியாபாரம் செய்துவிட்டோம் என்று நினைத்தோம்.

2025 மாசியில் ஓர் இரவு ஒன்பது மணிக்குத் தகவல் வந்தது. நம் மூத்த அக்கா தவறிவிட்டார்கள். விளாத்திகுளத்துக்கு வடக்கே ஒரு கரிசல் ஊர். தாயார் காலமான பிறகு நம்மை இடுப்பில் தூக்கி வளர்த்தவர்கள் அவர்கள்தான். பிறந்த வீட்டுக் கோடி நாம்தான் கொண்டுபோக வேண்டும். நமது சங்க உறுப்பினரான ஜவுளிக்கடைக்காரர் அந்த நேரத்திலும் வீட்டிலிருந்து வந்து ஷட்டரைத் திறந்து கோடிச் சேலை எடுத்துக் கொடுத்தார். பத்தரைக்குப் புறப்பட்டோம்.

பந்தல்குடி தாண்டி, பெரிய சாலையை விட்டு இறங்கிக் கிளைச் சாலையில் போகிறோம். சாலை அகலப்படுத்தும் வேலைக்காக ஓரத்தில் ஜல்லி கொட்டியிருந்தது. எதிரே வந்த லாரி விளக்கைத் தணிக்கவில்லை. மகன் இடதுபக்கம் ஒதுங்கினான். தார் விளிம்பிலிருந்து சக்கரம் இறங்கியது, ஒரு சத்தம், அவ்வளவுதான். முன் டயரின் பக்கச்சுவர் மூன்று விரல் அகலத்துக்குக் கிழிந்துவிட்டது.

மகன் பாட்டிலை எடுத்து மாட்டி மோட்டாரைப் போட்டான். உள்ளே போன திரவமெல்லாம் அந்தக் கிழிசல் வழியாகப் பால் போல மண்ணில் கொட்டிற்று. பாட்டில் தீர்ந்தது. டயர் அப்படியே கிடந்தது.

அந்தப் பாட்டிலில் எழுதியிருப்பதை முன்பே படித்திருந்தால் இது தெரிந்திருக்கும். டயர் தரையில் படும் பாகத்தில், ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டருக்குள் இருக்கும் ஓட்டையைத்தான் அந்தத் திரவம் அடைக்கும். ஆணி, சீமைக் கருவேல முள், கம்பித் துண்டு இவற்றுக்குச் சரி. பக்கச்சுவர் கிழிந்தால் அது வெறும் வெள்ளைத் தண்ணீர்தான். ஐந்து மாதமாக டிக்கியில் வைத்திருந்தோம், ஒருநாளும் எடுத்துப் படிக்கவில்லை. கடையில் பிஸ்கட் பாக்கெட்டின் தேதியைப் பார்த்து வாங்கும் நாம் இதில் அசட்டையாக இருந்துவிட்டோம்.

உதவிக்கு வண்டி அனுப்பும் எண்ணுக்குப் போன் செய்தோம். இரண்டரை மணி நேரம் ஆகும் என்றார்கள். இரண்டரை மணி நேரம் கழித்தும் அதே பதில்தான். தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033 என்ற எண் உண்டு. உறுப்பினர்கள் அதைச் செல்போனில் பதிந்து வைத்துக்கொள்வது நல்லது. நாம் நின்றதோ கிளைச் சாலை. சுற்றிலும் கருவேலங்காடு. கழுத்தில் நகையோடு வீட்டு அம்மாள், கையில் கோடிச் சேலை. ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்திருந்தோம்.

அதிகாலை மூன்றரை மணிக்கு ஒரு பால் வண்டி வந்தது. அந்தத் தம்பி நம் இருவரையும் முன்னால் ஏற்றிக்கொண்டான். மகன் மட்டும் காரோடு நின்றான். அக்கா வீட்டுக்குப் போய்ச் சேரும்போது கோழி கூவிவிட்டது. காலையில்தான் எடுத்தார்கள், கோடியும் போட்டோம், சடங்கில் எந்தக் குறையும் இல்லை. யாரும் நம்மை ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. ஆனால் அந்த ராத்திரி முழுவதும் அக்கா தலைமாட்டில் இருந்திருக்க வேண்டியவர்கள் நாம்.

மீட்பு வண்டி காலை ஆறு மணிக்குத்தான் மகன் நின்ற இடத்துக்கு வந்தது.

எந்த டயர் யாருக்கு?

"ரன் பிளாட்டையே விட்டிருக்கலாம் அப்பா" என்று மகன் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தான். கிழிந்த டயரை நமது டயர்க் கடைக்காரரிடம் காட்டிக் கேட்டோம். "சின்னக் கிழிசல் என்றால் ரன் பிளாட் தாங்கி ஊர் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். இவ்வளவு பெரிய கிழிசலுக்கு அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது" என்றார். நேர்மையான பதில். ரன் பிளாட் என்பது எதற்கும் அசையாத டயர் அல்ல.

இந்த விஷயத்தில் நமக்குப் புரிந்தது இதுதான். வண்டி நிற்காமல் இருப்பதற்கு எந்த டயரும் உத்தரவாதம் இல்லை. எங்கே போய் நிற்க நேரும் என்பதை மட்டும் நாம் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ரன் பிளாட் வைத்திருப்பவர் டயர்க் கடை வாசலில் நிற்பார். பாட்டிலை நம்பியவர் முள்ளுக்குத் தப்புவார், கல்லுக்கு மாட்டுவார். யாரையும் எதிர்பார்க்காமல் அரைமணி நேரத்தில் கிளம்பக்கூடியவர் ஸ்டெப்னி வைத்திருப்பவர் ஒருவர்தான்.

டவுனுக்குள்ளும் நாலுவழிச் சாலையிலும் பகலில் மட்டுமே ஓடும் கார் என்றால் சாதாரண டயரும் பஞ்சர் சாதனமும் போதும். வீண் செலவு வேண்டாம். முள் குத்தினால் உடனே பிடுங்கிவிடாமல், காற்றை அடித்துக்கொண்டு அருகிலுள்ள பஞ்சர் கடைக்குப் போய்விடலாம். அங்கே திரி போட்டு அடைத்துக் கொடுத்துவிடுவார்கள். நிலையாக இருக்க வேண்டுமானால் டயரைக் கழற்றி உள்பக்கமாக மஷ்ரூம் பேட்ச் வைப்பதே நல்லது. பாட்டில் திரவத்தைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்க. அதை ஊற்றிய டயரைச் சுத்தம் செய்யக் கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், உள்ளே காற்றளக்கும் கருவி இருந்தால் அதுவும் கெட்டுப்போக வாய்ப்புண்டு. பாட்டிலுக்குக் காலாவதித் தேதி உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

பெண் பிள்ளைகள் தனியாக ஓட்டும் வண்டி, வசூல் முடித்து இரவில் பணத்தோடு வரும் வண்டி, வழியில் இறங்கி நிற்பதே ஆபத்து என்ற நிலையில் உள்ள வண்டி இவற்றுக்கு ரன் பிளாட்டே மேல். கூடுதல் விலையைக் காவலுக்குக் கொடுத்த கூலியாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் கார் வரும்போதே ரன் பிளாட்டோடு வந்திருக்க வேண்டும். நம் ஊர் டயர்க் கடைக்காரரிடம் அந்த அளவில் ஒன்றாவது வரவழைத்து வைக்க ஏற்பாடு செய்துகொள்வதும் அவசியம். முன் பணம் கொடுத்தால் அவரும் வைப்பார். இரண்டு ரன் பிளாட், இரண்டு சாதாரணம் என்று கலந்து போடுவது கூடவே கூடாது. பழைய கார் வாங்குபவர்கள் டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும். கம்பெனிக்கு ஏற்றவாறு ஆர்.எஃப்.டி., எஸ்.எஸ்.ஆர்., இசட்.பி., ஆர்.ஓ.எஃப். என்ற எழுத்துக்களில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ரன் பிளாட். முன் சொந்தக்காரர் செலவுக்குப் பயந்து மாற்றிவிட்டு, "பஞ்சரானாலும் ஓடும்" என்று நம்மிடம் விற்கக்கூடும்.

நம்மைப் போல மிளகாய் வத்தலுக்கும் மல்லிக்கும் கரிசல் காட்டுக்குள் போய்வருபவர்களுக்கு ஸ்டெப்னி இல்லாமல் சரிப்படாது என்பதே நமது அபிப்பிராயம். வண்டியில் இடமில்லை என்பது உண்மைதான். ஆனாலும் வழி உண்டு. நாம் மதுரையில் தேடி, அதே காருக்குப் பொருந்தும் மெல்லிய தற்காலிகச் சக்கரம் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். டிக்கியில் கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. கிடக்கட்டும்.

இப்படி வாங்குபவர்கள் ஏமாறக்கூடிய இடங்கள் சில உண்டு. போல்ட் ஓட்டைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது. அந்த ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் அளவும், நடு ஓட்டையும் பொருந்த வேண்டும், பிரேக்கில் இடிக்கக்கூடாது. வெளிச்சுற்றளவு மற்றச் சக்கரங்களோடு ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். அலாய் ரிம்முக்குப் போடும் போல்ட் இரும்பு ரிம்முக்கு நீளமாகிவிடக்கூடும். அப்படியானால் தனி போல்ட் வாங்கிக் கூடவே வைக்க வேண்டும். வாங்கிய அன்றே வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு, முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை மாட்டிப் பார்த்தோம். பகலில், சமதரையில், நிதானமாகச் செய்தே முக்கால் மணி நேரம் ஆயிற்று. இந்தச் சக்கரத்தில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. காற்றும் அதிகம், பெரும்பாலும் 60 பவுண்டு. சக்கரத்தின்மேலேயே எழுதியிருக்கும். டிக்கியில் அதைப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டாமல் வைக்கக்கூடாது. திடீர் பிரேக் போட்டால் அது பின் சீட்டை நோக்கித்தான் வரும்.

எந்த டயர் வாங்கினாலும் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு எண்களைப் படிக்கவும். 2319 என்று இருந்தால் 2019ஆம் வருடத்தின் 23வது வாரத்தில் செய்த டயர். சலுகை விலையில் தருகிறேன் என்று பழைய இருப்பைத் தள்ளிவிடும் வித்தை நமக்குத் தெரியாததல்ல. 91, 88 என்று இருக்கும் எண் பாரம் தாங்கும் அளவைக் குறிப்பது. 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ, 88 என்றால் 560 கிலோ. கார் பின் சீட்டை மடக்கி அரிசி மூட்டை ஏற்றும் நமது உறுப்பினர்கள் இந்த எண்ணில் ஒன்றுகூடக் குறைத்து வாங்கக்கூடாது.

விலையில் ஒரு நல்ல செய்தி. டயருக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. 10,000 ரூபாய் அடக்கமுள்ள டயர் முன்பு வரியோடு 12,800 ஆனது, அதன்பிறகு 11,800. நாலு டயருக்கு 4,000 ரூபாய் வித்தியாசம். பில் வாங்கும்போது பழைய விலையே போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும். சரக்கு வண்டி டயருக்கு உள்ளீட்டு வரி எடுக்கலாம். சொந்தக் கார் டயருக்கு ஆடிட்டரைக் கேட்காமல் எடுத்துவிட்டு, பிறகு நோட்டீஸ் வந்ததென்று சங்கத்துக்கு ஓடிவர வேண்டாம்.

ஸ்டெப்னி இருக்கிற வண்டிக்காரர்களும் சந்தோஷப்பட வேண்டாம். சென்ற வாரம் நமது மண்டி வாசலில் நின்ற ஐந்து லோடு வண்டிகளின் ஸ்டெப்னியைப் பையனை விட்டுப் பார்க்கச் சொன்னோம். இரண்டில் காற்றே இல்லை. ஒன்று வழுக்கைத் தலை போலத் தேய்ந்து கம்பி தெரிந்தது. நாலாவது வண்டியில் ஸ்டெப்னி நன்றாக இருந்தது, அதைக் கழற்றும் ஸ்பேனர் இல்லை.

இனிப்புக் கொடுத்த மளிகைக் கடைக்காரரிடம் இதையெல்லாம் அன்றைக்கே சொல்லி அனுப்பினோம். நேற்று வந்தவர் பெருமையாக டிக்கியைத் திறந்து காட்டினார். தன் காருக்குப் பொருத்தமான சக்கரம் ஒன்று வாங்கி, சாக்கு சுற்றிப் பட்டை போட்டுக் கட்டியிருந்தார். பக்கத்தில் ஜாக்கி, ஸ்பேனர், டார்ச் லைட் எல்லாம் இருந்தன. பார்த்துத் திருப்தியாக இருந்தது. பிறகு அதன் மேலேயே இரண்டு மூட்டை துவரம்பருப்பையும் ஒரு மூட்டை உளுந்தையும் ஏற்றச் சொன்னார். "பஞ்சரானால் முதலில் மூட்டையை இறக்க வேண்டுமே?" என்றோம். "இறக்கித்தானே ஆகணும் அண்ணாச்சி, இன்னொரு நடை வந்தால் யார் கூலி கொடுப்பது?" என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.